மாஸ்க்குக்குள் ஒரு மூக்குத்தி

பிள்ளைக்குக் காது குத்தினால் மஞ்சள் பூசாதே, தேங்காயெண்ணெய் விடாதே என்று அக்கராயன் பக்கத்துத் தாய்மாரைப் பார்த்துப் பதினேழு வருசமாகக் கத்திய வாய் என்னுடையது. நான் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தர். ஊருக்கு ‘மிஸ்’. விமலேஸ்வரி மிஸ்ஸின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ஒழுங்கையில் படுத்திருக்கிற நாயும் எழும்பிவிடும் என்று என் மனுசன் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். கத்தாமல் இந்த ஊரில் ஒரு வேலை நடக்குமா?

அப்படிப்பட்ட எனக்கு நாற்பத்துநான்கு வயதில் மூக்குத்தி ஆசை பிடித்தது. கிளிநொச்சியில் ஒரு நகைக்கடையில் கதிரையில் இருத்தி ‘டக்’ என்று குத்திவிட்டார்கள். கண்ணால் தண்ணீர் வந்ததுதான். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது, சும்மா சொல்லக்கூடாது, எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் கொஞ்சம் சிவந்தது. மாமி மஞ்சளோடு வந்தா. “பேய்க்கதை கதையாதேங்கோ மாமி, உப்புத் தண்ணியாலை கழுவினால் காணும், மாறிடும்” என்று வாயை அடைத்துவிட்டேன். பிறகு போனில் தேடிப் பார்த்தேனே, அதுதான் நான் விட்ட பிழை. அழுகின மூக்கு, அறுத்த மூக்கு, மூளைக்கு ஏறின கிருமி. மாமி கோயிலுக்குப் போகும்வரை பார்த்திருந்து, குசினிக்குள் போய், மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் நானே குழைத்து நானே பூசினேன். ஏன் பூசினாய் என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் படித்த படிப்பெல்லாம் எங்கே போகிறதோ தெரியாது.

இரண்டு நாள் பூசினேன். மூக்கு வீங்கிச் சீழ் கட்டிவிட்டது.

“அம்மா, கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு. இண்டைக்குக் கிளினிக்குக்கு டொக்டர் வருவார்தானே, காட்டுங்கோ” என்றாள் மகள் யதுர்ஷிகா.

“விசரே உனக்கு? அந்த மனுசனுக்கு முன்னாலை எத்தினை தாய்மாரை இதுக்காகக் கிழிச்சிருப்பன்! மஞ்சள் பூசினனான் எண்டு எந்த முகத்தோடை போய்ச் சொல்லுறது?”

“அப்ப மூக்குப் போனால்?”

மூக்குப் போனாலும் பரவாயில்லை, மரியாதை போகக்கூடாது. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றை அலுமாரியிலிருந்து தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனேன்.

கிளினிக்கில் வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்தபடி தாய்மார். என் மாஸ்க்கைக் கண்டதும் குசுகுசுப்புத் தொடங்கியது. “மிஸ்ஸுக்குக் காய்ச்சலாம்.” “காய்ச்சலில்லையடி, அதுதான் திரும்ப வந்திருக்காம்.” முன் வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் பின்னுக்கு நகர்ந்தார்கள். எனக்கோ மாஸ்க் புண்ணில் ஒட்டி உயிர் போனது. அந்த எரிச்சலையெல்லாம் தாய்மார் மேல்தான் கொட்டினேன். நிறை கூடாத பிள்ளைக்கு ஒரு ஏச்சு, கார்ட் கொண்டுவராத தாய்க்கு இரண்டு ஏச்சு.

நிசாந்தினியின் முறை வந்தது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், தலைப்பிள்ளை. பிள்ளைக்கு ஆறு மாதம், தலையில் கம்பளித் தொப்பி. கையில் வாங்கியபோது பிள்ளையின் மேலெல்லாம் சுட்டது. வெயிலாக்கும் என்று நினைத்தேன். என் கவனமெல்லாம் என் மூக்கில் அல்லவா கிடந்தது. அந்தக் குட்டி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மாஸ்க்கை எட்டிப் பிடித்து ஒரே இழுவை!

“ஐயோ, அம்மாஆ!”

மண்டபமே எழும்பி நின்றது. மாஸ்க் பிள்ளையின் கையில். என் மூக்கு எல்லோருடைய கண்ணிலும். பின் வாங்கிலிருந்து தேனுகா என்ற தாய் மெல்லக் கேட்டாள்.

“மிஸ்… அது மஞ்சளோ?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

“ஓம்” என்றேன். “தேங்காயெண்ணெயும்.”

அவ்வளவுதான். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, பிறகு எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பதினேழு வருசமாக என்னிடம் ஏச்சு வாங்கினவர்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க மூக்கு விண்விண் என்றது.

நிசாந்தினி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, தொப்பியின் நாடாவை அவிழ்த்தாள். இரண்டு காதும் சிவந்து, ஒன்றில் சீழ் காய்ந்து தோட்டோடு ஒட்டிக் கிடந்தது.

“குத்தி ஒம்போது நாளாச்சு மிஸ். நேத்திலருந்து ஒடம்பு சுடுது. நீங்க ஏசுவீங்கன்னுதான் தொப்பி போட்டேன்.”

பழக்கத்தில் ஏச்சு தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். விழுங்கிவிட்டு நிமிர்ந்தால், தேனுகாவும் தன் பிள்ளையின் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும். இந்த வெக்கைக்குள் இத்தனை பிள்ளைகள் ஏன் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

“வாங்கோ பிள்ளையள், எல்லாரும் டொக்டரிட்டைப் போவம்” என்றேன். “நானும் காட்டவேணும்.”

டொக்டர் நிசாந்தினியின் பிள்ளையைத்தான் முதலில் பார்த்தார். கிருமி பிடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன், இரண்டு மூன்று நாள் மருந்தோடு மாறிவிடும் என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கரைச்சலாய்ப் போயிருக்கும் என்றும் சொன்னார். மற்றக் காதுகளுக்கு உப்புத் தண்ணீரே போதுமாம். என் மூக்குக்கு விழுங்கக் குளிசை தந்தார். மூக்குத்தியைக் கழற்றத் தேவையில்லை.

எழுதிக்கொண்டே, “ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் கொண்டு வரேல்லை?” என்று நிசாந்தினியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

“என்ரை ஏச்சுக்குப் பயத்திலை, டொக்டர்” என்றேன் நான்.

அவர் பேனையை வைத்துவிட்டு என் மூக்கைப் பார்த்தார். “சரி. நீங்கள் ஏன் பிந்தினனீங்கள்?”

“நானும் விமலேஸ்வரி மிஸ்ஸுக்குப் பயந்துதான், டொக்டர்.”