அண்ணியின் முதல் தேவை

ஒரு கடைக்கு மென்பொருள் செய்வதென்றால், கடைக்காரருக்கு என்னதான் வேண்டும் என்று முதலில் யாராவது கேட்டு எழுத வேண்டும். அந்த மென்பொருள் அலுவலகத்தில் அது அவளுடைய வேலை. யார் எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்டுக் கேட்டு, அவளுக்கு ‘ஏனக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்த முறை அவளை ஒரு மரச்சாமான் கடைக்கு அனுப்பினார்கள். முன்பக்கம் கடை, அண்ணன் ஆர்டர் எடுப்பார். பின்பக்கம் பட்டறை, தம்பி செய்து கொடுப்பார். மாடியில் எல்லோருக்கும் ஒரே சமையல். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. இவர்கள் செய்த ஒரு பெரிய அலமாரி, அதை வாங்கியவரின் வீட்டு வாசலில் நுழையாமல் தெருவில் நின்ற நாளோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

ஆர்டர் போட்டால் போட்டதுதான், அதில் எவனும் கை வைக்க முடியாதபடி செய்யுங்கள் என்றார் அண்ணன். ஏனக்கா எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். எந்த ஆர்டரையும் எப்போது வேண்டுமானாலும் மாற்ற வசதி வேண்டும் என்றார் தம்பி.

“ஏன்?” என்றாள்.

“மரம் என் பேச்சையே கேக்கறதில்ல. அவர் பேச்சையா கேக்கப்போவுது?”

புது ஆர்டர் வந்தால் பட்டறையில் மணி அடிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியனுப்பினார். அதை அணைக்க ஒரு பொத்தான் வேண்டும் என்றார் தம்பி. அந்தப் பொத்தானுக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றார் அண்ணன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது ஏனக்காவுக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது. மேலாளருக்குப் போன் செய்தாள். இரண்டையும் எழுதிவிடு, கையெழுத்து வாங்கிவிடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் மாடியிலிருந்து அண்ணி இறங்கி வந்தார், கையில் தோள்பையோடு. உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டதே நான்தான் என்றார். ஏனக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நேரம் கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு ஊரையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

“உங்களுக்கு என்ன வேணும்ங்க?”

“இவர் சொன்னத அவர்கிட்டயும், அவர் சொன்னத இவர்கிட்டயும் சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சும்மா. இனிமே நான் தூது போகக் கூடாது. அவ்வளவுதான். அதை முதல்ல எழுதிக்கோ.”

முதல் தேவையாக அதை எழுதினாள். அண்ணி, கொழுந்தனாரைப் பட்டறையிலிருந்து கூப்பிட்டுக் கணவருக்கு எதிரே உட்கார வைத்தார். பிறகு தன் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அண்ணன் ஏனக்காவைப் பார்த்து, அவனிடம் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தார்.

“நான் எழுத வந்தேன் சார். சொல்றதுக்கு வரல,” என்றாள் அவள்.

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அந்த அலமாரிய ரெண்டு பாகமா செஞ்சிருந்தா என்னவாம்?”

“வாசல் எவ்வளவு அகலம்னு நீங்க கேட்டிருந்தா என்னவாம்?” என்றார் தம்பி, அதே சுவரிடம்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. அளவு எடுக்காத அறைகள், சொல்லாமல் மாற்றிய நிறங்கள், வாக்குக் கொடுத்து ஓடிப்போன தேதிகள் எல்லாம் வெளியே வந்தன. இருவரும் எள்ளும் கொள்ளுமாய் வெடிக்க, ஏனக்கா தலை நிமிராமல் எழுதினாள். இவ்வளவு தெளிவாகத் தேவை சொன்ன வாடிக்கையாளர்களை அவள் பார்த்ததே இல்லை. வாசல் அகலம் எழுதாமல் ஆர்டர் போக முடியாது. மரம் அறுக்கும்வரை தம்பி மாற்றலாம்; மாற்றினால் அண்ணனுக்கு உடனே தெரிய வேண்டும். மணி, பொத்தான், பூட்டு மூன்றும் கேட்பாரின்றிக் கழன்று விழுந்தன.

அடுத்த வாரம் தேவைப் பட்டியலை அச்சடித்துக் கொண்டுபோனபோது, அண்ணன் ஒரு பக்கமும் புரட்டாமல் பேனாவைத் திறந்தார்.

“படிச்சீங்களா?” என்றார் தம்பி.

“நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன்.”

ஏனக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். விற்காத சோபாவில் இருவரும் அருகருகே உட்கார்ந்து கேட்டார்கள். அண்ணி பற்றிய வரி வந்ததும் இருவருமே தரையைப் பார்த்தார்கள். வாசித்து முடித்ததும் அண்ணன், தம்பியின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். தம்பி, அண்ணனின் பெயருக்கு எதிரே போட்டார்.

திருத்த வேண்டாம் என்று அவள் அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.