இரண்டு விரல் இடைவெளி

கண்ணாடி உடைந்துவிட்டது. பாலம் வந்து உட்காரும் கரைச்சுவரில் விரிசல் விழுந்திருந்தது. காலையில் இன்ஜினியர் அம்மா அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, "விரிசல் வளந்தா இது உடையும் பெரியவரே, பாத்துச் சொல்லுங்க" என்றாள். படித்தவர்கள் எதையாவது ஒட்டி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைத்தேன். பதினொன்றரை மணிக்கு, பாலத்தடியில் என் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கும்போது 'டிக்'கென்றது. நிமிர்ந்தால் இரண்டு துண்டு.

போன் போட்டேன். உடனே வந்து ஏணியில் ஏறிப் பார்த்தாள். "வெயில்ல பாலம் நீளும். அதுக்குன்னு மேல ரெண்டு விரல் சந்து விட்டிருப்பாங்க. இங்க அந்தச் சந்தையே காணோம்! நீள எடமில்லாம சுவரைத் தள்ளுது." பாலத்தை மூட அனுமதி கேட்டு யாருக்கோ போனில் மன்றாட ஆரம்பித்தாள்.

அந்தச் சந்தை அடைத்தவன் நான்தான். மழை பெய்தால் அதன் வழியாகக் கடைக்குள் சேறு ஊற்றும். வண்டி போகும்போதெல்லாம் தடக் தடக்கென்று மண்டையில் இடிக்கும். போன மழைக்காலத்தில் ஜல்லியும் சிமெண்டும் குழைத்து, கம்பியால் குத்திக் குத்தி அடைத்தேன். கட்டினவன் சோம்பேறி என்று நாலு பேரிடம் ஏசியும் வைத்தேன். இப்போது சொன்னால் போலீஸ், கேஸ். வாயை மூடிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அப்போது பன்னிரண்டு மணி டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஓட்டுவது என் மகள்.

ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதோ! பாலத்தின் வாயில் கையை விரித்து நின்றேன். மூக்குக்கு ஒரு முழத்தில் பஸ் நின்றது.

"அப்பா! வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? நாப்பது பேர் இருக்காங்க, நகரு."

"அதான் நகர மாட்டேன். எல்லாரையும் எறக்கு."

"என்னன்னு சொல்லி எறக்க? எங்கப்பாவுக்குப் பாலத்தைப் புடிக்கலைன்னா?"

பஸ்ஸே சிரித்தது.

"நான்தான்டி அடைச்சேன்!" கத்திவிட்டேன். "பாலம் நீள விட்ட சந்தை நான்தான் சிமெண்ட் போட்டு அடைச்சேன். சுவர் வெடிக்குது!"

சிரிப்பு நின்றது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். இன்ஜினை அணைத்தாள்.

என் பின்னாலேயே மேலே ஓடி வந்திருந்த இன்ஜினியர் அம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். "எந்த எடம்? காட்டுங்க." திட்டவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. "அப்புறம் திட்டிக்கலாம். கடப்பாரை இருக்கா? கரைப்பக்கம் நின்னே கொத்துங்க."

கடையிலிருந்து கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்து வந்தேன். மகள் ஆட்களை இறக்கி, பஸ்ஸைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்து சம்மட்டியைப் பிடுங்கினாள். "நீ கடப்பாரையைப் புடி. அடைக்கிறப்ப மட்டும் நல்லா வேலை செஞ்சிருக்க." என் சிமெண்ட் லேசில் விடவில்லை. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கடைசிக் கட்டி நொறுங்கியதும் காலடியில் 'தொம்'மென்றது. எல்லோரும் பின்னால் குதித்தோம். அத்தனை கல்லும் இரும்பும் ஒரு நெல்மணி அளவு நகர்ந்து வந்து கடப்பாரையைக் கவ்விக்கொண்டது. என் கண்ணால் பார்த்தேன்!

அப்பனும் மகளும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. "விடுங்க, வெயில் தாழ்ந்தா அதுவே விடும்" என்று இன்ஜினியர் அம்மா கீழே போய் விரிசலில் புதுக் கண்ணாடி ஒட்டினாள்.

பாலத்தை மூடிவிட்டார்கள். பஸ் சுற்றுவழியில் போயிற்று. நான் நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தேன். கீழே போய்க் கண்ணாடியைப் பார்க்கத் தைரியமில்லை. நட்டுவைத்தது போல் நின்ற கடப்பாரையின் நிழல் நீண்டுகொண்டே போயிற்று. ஆறு மணி வாக்கில், யாரும் தொடாமல், கடப்பாரை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.