மஞ்சள் கேசட்டில் இருந்த மூச்சு

இறந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹரிஷ் சந்தாபுராவில் தான் குடியிருந்த மாடி வீட்டில் மறுபடியும் மூச்சு விட ஆரம்பித்தான். மூச்சு டிவி கேம் பெட்டியில் கேசட் செருகும் இடத்திலிருந்து வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, கிராம்பு வாசனை அடித்தது. ஒவ்வொரு மூச்சும் முடியும்போது, மூக்குத் தண்டு வளைந்தவர்களுக்கு வருவதுபோல மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டது. அவன் மனைவி வனஜா சற்று நேரம் நின்று கேட்டாள். பிறகு குக்கர் விசில் அடிக்கவே, போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்தப் பெட்டி ஹரிஷின் அப்பா ஒரு தீபாவளிக்கு சிவாஜிநகர் நடைபாதையில் வாங்கியது. அப்போது அவர்கள் நீலசந்திராவில் இருந்தார்கள். அப்பா பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பெட்டியோடு மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு கேசட் வந்தது. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அதன் மேல் அச்சிட்டிருந்தது. உண்மையில் இருந்தவை ஏழெட்டுதான், அவற்றையே பெயர் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, அடிப்பக்கம் வாயை வைத்து ஊதி, திரும்பச் செருக வேண்டும். இதை அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் வராவிட்டால் இன்னும் பலமாக ஊத வேண்டும். மூத்தவன் என்பதால் ஊதுகிற உரிமை ஹரிஷுடையது. அவனுக்குச் சளி பிடித்த நாட்களில் மட்டும் தம்பி கவினுக்கு முறை வந்தது.

ஹரிஷ் படித்து எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிடுகிறவர்களுக்கு ஃபோனிலேயே வழி சொல்கிற வேலை. திருப்பத்தூரில் வனஜாவைப் பெண் பேசியபோது, அவள் தன் சித்தி மூலம் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: சிகரெட் கூடாது. அவன் நிச்சயத்துக்கு முன்பே விட்டுவிட்டு, வாய் சும்மா இருக்க மாட்டாமல் கிராம்பு கடிக்கப் பழகிக்கொண்டான். சிகரெட் பிடித்த ஹரிஷை அவள் அறியவே இல்லை. கல்யாணமாகி சந்தாபுராவுக்கு வந்தபோது கேம் பெட்டியும் அதற்கென்று ஒரு பழைய டப்பா டிவியும் கூடவே வந்தன. புது டிவியில் செருகினால் சிக்னல் இல்லை என்று காட்டியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கேசட்டை ஊதிப் போடுவான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஆடுவார்கள். வனஜாவின் ஆள் முதல் பள்ளத்திலேயே விழுவான்.

"குதிடி, குதி."

"குதிச்சதாலதான் விழுந்தேன்."

"அப்போ குதிக்காத."

"குதிக்காட்டியும் விழறேனே."

தொற்று இரண்டாவது முறை ஊரைச் சுற்றி வந்தபோது ஹரிஷுக்கும் வந்தது. கட்டில் கிடைக்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சும் பாதியில் அறுந்து அறுந்து வந்தது. வனஜாவை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்ட அவளுக்கு, தன் நெஞ்சில் இவ்வளவு காற்று சும்மா போய் வருகிறதே என்று இருந்தது. சிலிண்டர் வந்தபோது அது வேறு ஒருவருக்குப் பயன்பட்டது. அவனை உறையில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தருகே குனியக்கூட அனுமதி இல்லை.

அதன் பிறகு பெட்டி அலமாரியின் மேலேயே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தூசி தட்ட இறக்கியவள், காரணம் எதுவும் இல்லாமல் வயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். கேசட் உள்ளேயே இருந்தது. படம் வந்தது, கூடவே மூச்சும் வந்தது. ஸ்விட்சை அணைத்தால் மூச்சும் நின்றது. அதைத் தெரிந்துகொண்டதும் வாரம் ஒரு முறை, ஒரு ஆட்டம் என்று வைத்துக்கொண்டாள். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் பள்ளத்துக்கு முன்னாலேயே தன் ஆளை நிறுத்தி வைத்துவிட்டு, பெட்டியின் பக்கத்தில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். மார்கழிக் குளிரில் ஊரெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அறையில் ஜன்னல் கண்ணாடி உட்புறம் வியர்த்திருந்தது. சுவர்க் காலண்டரின் தாள் எழுந்து எழுந்து படிந்தது.

வீட்டு ஓனர் எல்லம்மா கீழ் வீட்டில் இருந்தார். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். ஆண் மூச்சு கேட்கிறது என்று ஒரு நாள் மேலே ஏறி வந்து, கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார். கட்டிலுக்கு அடியிலும் பாத்ரூமிலும் பார்த்தார். பிறகு பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து காதை வைத்தார்.

"அய்யோ, இது உங்க வீட்டுக்காரர்தானேம்மா. படிக்கட்டு ஏறி வந்தா இந்தச் சத்தம்தானே வரும்."

"ஆமாக்கா."

"வேற யாரோன்னு நெனச்சுட்டேன். பரவால்ல பிடு, விடும்மா. வாடகைக்கு ஆளு ஜாஸ்தின்னு சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லி அந்தச் சந்துக்கே தெரிந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொற்று வந்த வருடம் அந்தச் சந்தில் நிறையப் பேருக்கு யாராவது இல்லாமல் போயிருந்தார்கள்.

மழைக்காலம் வந்ததும் படம் கெட ஆரம்பித்தது. முதலில் நிறம் போனது. பிறகு திரையில் நெடுக்குக் கோடுகள் விழுந்தன. எழுத்துகள் சதுரம் சதுரமாகச் சிதறின. கடைசியில் சாம்பல் நிறத் திரை அணைந்து அணைந்து எரிந்தது. அத்தோடு மூச்சும் அறுந்து அறுந்து வந்தது. வராந்தாவில் கேட்ட அதே மூச்சு. வனஜா வயரை ஆட்டிப் பார்த்தாள், அடாப்டரை மாற்றினாள், டிவியின் தலையில் தட்டினாள். ஊதிப் போடலாம் என்று கை கேசட்டை உருவிவிட்டது. ஆனால் தன் மூச்சு அவன் மூச்சின் மேல் படிந்துவிடுமே என்று பயந்து, உதட்டுவரை கொண்டுபோனதைத் திரும்பச் செருகினாள். மறுபடியும் திணறல். இன்னொரு முறை அவனை அப்படிக் கேட்டுக்கொண்டு இருக்க அவளால் ஆகவில்லை. கவினைக் கூப்பிட்டாள்.

கவின் எஸ்.பி. ரோட்டில் லேப்டாப் சரிபார்க்கும் கடை வைத்திருந்தான். வந்து, செருப்பைக் கழற்றி, மூச்சைக் கேட்டு, கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எத்தன நாளா அண்ணி?"

"போன வருஷத்துலேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

அவள் காபி போடப் போனாள். திரும்பி வந்தபோது அவன் கேசட்டின் திருகாணிகளைக் கழற்றி வைத்திருந்தான். அடியில் வரிசையாக இருந்த செம்புப் பட்டைகள் பச்சை பூத்துக் கிடந்தன.

"அவன் ஊதி ஊதித்தான் இப்படி ஆயிருக்கு," என்றான். "ஊதக் கூடாது அண்ணி. வாயில இருக்கிற ஈரம் பட்டுப் பட்டு செம்பு அரிச்சிடும், கடைசியில ஒண்ணும் வராது. உருவித் திரும்பப் போடும்போது தானா சரியாகிடும். நாம ஊதினதாலன்னு நெனச்சுக்குவோம். ஊர் பூரா அப்படித்தான் நெனச்சுது."

பஞ்சு வைத்த குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தான். பஞ்சு கறுத்தது. இன்னொரு குச்சி எடுத்தான், அதுவும் கறுத்தது. மூன்றாவது வெள்ளையாகவே வந்ததும் மூடித் திருகி, செருகி, ஸ்விட்சைப் போட்டான். படம் புதிது மாதிரி வந்தது. வானம் நீலமாக இருந்தது. மூச்சும் திணறல் இல்லாமல், ஒரே சீராக, அதே சீழ்க்கையோடு வந்தது. வனஜா தரையில் உட்கார்ந்து முதல் முறையாக அழுதாள்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சியபோது சிகரெட் நாற்றம் அடித்தது.

"டேய், காலேஜ் டைம்ல இதேதான்," என்று கவின் பெட்டியைப் பார்த்துச் சிரித்தான். "அம்மாவுக்குத் தெரியாம மொட்டமாடில..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

மூச்சு அந்தக் கேசட்டில் அடுக்கு அடுக்காகப் படிந்திருந்தது என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. கடைசியாக ஊதியது மேலே, முதலில் ஊதியது அடியில். கவின் துடைத்தது மேல் அடுக்கை. கல்யாணம் முழுவதும் இரண்டு பஞ்சுக் குச்சிகளில் போய்விட்டது. வனஜா குப்பைக் கூடையிலிருந்து அவற்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஸ்பிரிட் நெடிக்குக் கீழே கிராம்பு இருந்தது. மூடி போட்ட டப்பாவில் வைத்தாள். விளக்கேற்றும் நேரத்துக்குள் ஸ்பிரிட் ஆவியாகி, கூடவே அதையும் கொண்டு போய்விட்டது.

கவின் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான், அதற்கடுத்ததும் வந்தான். வந்து மணிக்கணக்காகப் பெட்டியை ஓடவிட்டான். ஓட ஓட மூச்சு அடுக்கடுக்காகச் செலவானது. சிகரெட் மூச்சு தீர்ந்து, மீசை முளைக்கும் வயதின் மூச்சு வந்தது. அதுவும் தீர்ந்து பபிள்கம் வாசனை வந்தது. மூச்சு சின்னதாகவும் வேகமாகவும் ஆனது. சீழ்க்கை மட்டும் மாறவில்லை. கவின் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரே பாயில் படுத்துத் தூங்கிய அண்ணன் அவனுக்குக் கிடைத்துவிட்டான். ஒவ்வொரு ஞாயிறும் ஹரிஷ் வனஜாவை விட்டு இன்னும் சில வருடங்கள் தள்ளிப் போனான்.

"போதும் கவின். இது எனக்குத் தெரியாத பையன்."

"எனக்குத் தெரிஞ்சவன் அண்ணி."

"உனக்குத் தெரியும், சரி. தீந்துட்டா யாருக்கும் இருக்க மாட்டானே."

"இன்னும் கொஞ்சம் அண்ணி."

அவள் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினாள். அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். அப்போது பெட்டியிலிருந்து சீழ்க்கை இல்லாத வேறொரு மூச்சு வந்தது. சின்னக் குழந்தையின் மூச்சு. எதையோ உடைத்துவிடுவோமோ என்று பயந்து ஊதுகிற மூச்சு. கவினுக்கு அது யார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. அண்ணனுக்குச் சளி பிடித்த ஒரு நாளில் தனக்கு வாய்த்த முறை அது. அவனே ஸ்விட்சை அணைத்தான். கேசட்டை உருவி அண்ணியின் மடியில் வைத்தான்.

"அடியில கொஞ்சம்தான் இருக்கும். வச்சிக்கோங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போனான்.

வனஜா கேசட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுத்தமான செம்புப் பட்டைகள் பளபளத்தன. ஊதினால் பச்சை பூக்கும், படம் கெடும், கடைசியில் ஒன்றும் வராது என்று கவின் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கண்ணாடிக் கதவும் நினைவிருந்தது. வாயை வைத்து, நெஞ்சில் இருந்த காற்றை எல்லாம் சேர்த்து ஊதினாள். தலை சுற்றும்வரை ஊதினாள். செருகி ஸ்விட்சைப் போட்டபோது முதலில் அவள் மூச்சே அவளிடம் திரும்பி வந்தது. அது தீர்ந்ததும் ஒரு நீண்ட மௌனம். பிறகு பையனின் மூச்சு, சீழ்க்கையோடு, அவளுடைய மூச்சின் வேகத்துக்கே வந்தது.

அன்றிலிருந்து தினமும் ஊதினாள். மாதங்கள் போனதில் படம் கவின் சொன்னபடியே கெட்டது. நிறம், எழுத்து, கோடு என்று ஒவ்வொன்றாகப் போய், இப்போது திரை வெறும் கறுப்புதான். பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. மூச்சு கெடவில்லை. இவ்வளவு ஈரத்திலும் அது ஏன் திணறவில்லை என்று கவினுக்கே தெரியவில்லை. அது வளர்ந்தது. பபிள்கம் வாசனை போயிற்று. நடுவில் சில வாரம் மூச்சு உடைந்து கரகரத்தது, பிறகு கனத்தது. வனஜா கடையில் கிராம்பு வாங்கி வந்து பெட்டியின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தாள்.

போன வாரம் துணி உலர்த்த மேலே வந்த எல்லம்மா கதவருகே நின்று மூக்கைச் சுளித்தார்.

"வனஜா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. சிகரெட்டு ஜாஸ்தி ஆயிடுச்சு. துணியெல்லாம் நாறுது."

"விட்டுடுவாருக்கா," என்றாள் வனஜா. "கல்யாணம் நெருங்குது."

"ஹௌதா, அப்படியா," என்றுவிட்டு எல்லம்மா தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கினார்.