வரிசையில் நின்ற கடிதங்கள்

வெப்மெயில் திறந்து இரண்டு வாரம் ஆகியும் பள்ளியில் அதைப் பாராட்டுவது ஓயவில்லை. பள்ளியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வெனிங்குக்கு அதுதான் உறுத்தியது.

"அந்த நீலக் கலர் கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு" என்றார் கணக்கு ஆசிரியை இபு சுலஸ்திரி, மாடிப்படியில் அவளை நிறுத்தி.

"கடிதமெல்லாம் ஒழுங்கா போகுதா, இபு? வருதா?"

"நல்லா இருக்கு, நல்லா இருக்கு."

சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். வெனிங்கும் ஜாவாவின் சோலோவில், பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் மரியாதையோடு அழைக்கும் ஊரில், பிறந்து வளர்ந்தவள். இந்த ஊரில் இரண்டு முறை சொல்லும் 'நல்லா இருக்கு' ஒருமுறை சொல்வதைவிடக் குறைவு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கு மேல் துருவிக் கேட்கும் வழக்கமும் இந்த ஊரில் இல்லை.

சர்வர் அறைக்குத் திரும்பினாள். மாடிப்படிக்கு அடியில், முன்பு பூப்பந்து வலைகள் கிடந்த இடம். ஒரு சர்வர், ஒரு ஏசி, ஒரு நாற்காலி. 'சோதனை' என்ற பெயரில் வைத்திருந்த கணக்கிலிருந்து தன் கணக்குக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். உடனே வந்து விழுந்தது. எல்லாம் சரி.

ஏசி இரைச்சலில் மெல்லப் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை பள்ளியின் ஆண்டு விழா. வயலினும் புல்லாங்குழலும் செல்லோவும் சேர்ந்த ஆசிரியர்களின் கெரொஞ்சோங் இசைக்குழு வாசிக்கும். குழுவை நடத்துபவர் வயலின் வாசிக்கும் பாக் யுவோனோ. குழுவின் பழைய பாடகி கணவரோடு சுரபாயா போய்விட்டார். அந்த இடத்தில் நின்று பாட வெனிங்குக்கு ஆசை. நேரில் கேட்க நா எழவில்லை. முகத்துக்கு நேரே கேட்டால் அவரால் மறுக்க முடியாது, பிடிக்காவிட்டாலும் சேர்த்துக்கொள்வார். வெப்மெயில் திறந்த அன்று மாலையே அவருக்கு எழுதினாள். நான் பாடலாமா என்று ஒரு வரி. சரிப்படாவிட்டால் பதில் எழுதும் சிரமம் வேண்டாம், நானே புரிந்துகொள்வேன் என்று இன்னொரு வரி.

பதில் வரவில்லை. புரிந்துகொண்டாள்.

பாடும் பொறுப்பு தலைமையாசிரியர் பாக் ஹார்ஜோவிடம் போனது. புதன்கிழமை ஒத்திகை நடந்தது. பாக் ஹார்ஜோ நல்ல மனிதர். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது அவர் ஒரு பக்கம் போனார், வாத்தியங்கள் ஒரு பக்கம் போயின. எல்லோரும் கை தட்டினார்கள். வெனிங்கும் தட்டினாள்.

வியாழக்கிழமை இடைவேளையில் கதவைத் தட்டாமல் ஒருவர் உள்ளே வந்தார். பாக் தோகார், புது விளையாட்டு ஆசிரியர். சுமத்ராவின் தோபா ஏரிக்கரைக்காரர், பாத்தாக் இனத்தவர். அவர் பேசினால் மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும். அறைக்குள்ளும் அதே குரல்தான்.

"தங்கச்சி! உனக்கும் எனக்கும் என்ன பகை?"

வெனிங் பதறிப்போனாள். "பகையெல்லாம் ஒண்ணுமில்லையே, பாக்."

"அப்புறம் ஏன் பதில் போடல? பாஸ்வேர்டை மாத்திக் குடுன்னு எத்தனை தடவை எழுதறது? ஒரு பாறைக்கு எழுதியிருந்தா அதுகூட 'சரி அண்ணே'ன்னு சொல்லியிருக்கும்."

"எனக்கு ஒண்ணுமே வரலையே."

"எனக்கும் வரல! சமையல் வாத்தியார் ஜரோட்டுக்கு எழுதினேன், பதில் இல்ல. தலைமையாசிரியருக்கு எழுதினேன், பதில் இல்ல. சரி, இந்த ஊருக்கு நம்மளைப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன். இன்னைக்கு சும்மா இபு சுலஸ்திரியைக் கேட்டேன், உங்களுக்காச்சும் யாராவது பதில் போடறாங்களான்னு. அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு!"

வெனிங் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அவங்களுக்கும் வரலையா?"

"ஒருத்தருக்கும் வரல. ஆசிரியர் அறையில யாரும் யார் முகத்தையும் நேரா பார்க்கறதில்ல, நீ கவனிக்கலையா? எல்லாரும் எழுதியிருக்கீங்க. எல்லாரும் காத்திருக்கீங்க. கேட்டா மரியாதையில்லைன்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. என்ன ஊரும்மா இது!"

"வெளியிலேர்ந்து வருதே. கல்வித் துறை சுற்றறிக்கை எல்லாம் வருதே."

"அது வருது. அதைத்தான் யாரும் படிக்கறதில்ல."

அவள் உட்கார்ந்தாள். போக வேண்டிய கடிதங்களின் வரிசையைக் காட்டச் சொல்லி ஒரு கட்டளை தட்டினாள். வழக்கமாக அந்த வரிசை காலியாக இருக்கும் என்று நினைத்து அவள் இதுவரை பார்த்ததே இல்லை. திரை நிரம்பியது. மேலே ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெப்மெயிலை நிறுவியது அவள் ஒருத்தி. மென்பொருளை இறக்கி, சர்வரில் விரித்து, தரவுத்தளம் உண்டாக்கி, கடிதம் எந்த வழியாக வர வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று அமைப்புக் கோப்புகளில் வரி வரியாக எழுதினாள். ஒவ்வொரு ஆசிரியர் பெயரிலும் கணக்கு திறந்து, அதற்குள் நுழைந்து, எழுதிப் பார்த்தாள். பாக் ஹார்ஜோ பெயரில் அவள் எழுதிய 'ஒன்று இரண்டு மூன்று' தவறிப்போய் யாருக்காவது போய்ச் சேர்ந்தால் மானம் போகும். அதனால் ஒரு வரி சேர்த்தாள்: 'சோதனை' கணக்கைத் தவிர, பள்ளிக்குள்ளிருந்து யார் எழுதினாலும் கடிதத்தை நிறுத்திவை. திறப்பு நாள் காலையில் அந்த வரியை எடுத்துவிடுவதாக இருந்தாள். அன்று காலை ஒலிபெருக்கி கீச்சிட்டது. அவளைத்தான் கூப்பிட்டார்கள். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பாக் ஹார்ஜோ விழாவுக்கென்று வைத்த மஞ்சள் சோற்றுக் கூம்பின் உச்சியை வெட்டி, முதல் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டார். ஆசிரியர்கள் கை தட்டினார்கள். வரி அங்கேயே இருந்தது.

"நான்தான்" என்றாள். "நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். எல்லாத்தையும்."

பாக் தோகார் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேறு நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க, பாக்."

"சிரிக்காம? ஒரு பள்ளிக்கூடமே ரெண்டு வாரமா ஊமையாயிடுச்சு. பள்ளிக்கூடம் 'நல்லா இருக்கு'ங்குது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். வரிசையில் அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், தேதி மட்டும் இருந்தன. "ஹார்ஜோலேர்ந்து யுவோனோவுக்கு. மறுபடியும் ஹார்ஜோலேர்ந்து யுவோனோவுக்கு. இன்னொண்ணு. தலைமையாசிரியர் என்ன, லவ் லெட்டரா எழுதறாரு?"

"படிக்காதீங்க."

"பேரைத்தானே படிக்கிறேன். அட, இங்க பாரு. யுவோனோலேர்ந்து வெனிங்குக்கு."

வெனிங் பார்த்தாள். திறப்பு நாள் மதியம் எழுதியது. அவள் எழுதுவதற்கு முன்பே.

"திற" என்றார் அவர். "உன் கையிலதானே சாவி இருக்கு."

"அது பாக் யுவோனோவோட கடிதம்."

"உனக்குத்தானே எழுதியிருக்காரு!"

"இன்னும் எனக்கு வரலையே."

பாக் தோகார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நேரில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வழி கிடைத்தது என்றுதான் இவர்கள் இந்த வெப்மெயிலை ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். அத்தனையும் இங்கே நிற்கிறது. திறந்துவிட்டால் ஒரே நேரத்தில் எல்லோர் தலையிலும் கொட்டும். எல்லாவற்றையும் அழித்துவிட ஒரு கட்டளை போதும். யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். நாளையிலிருந்து எல்லாம் ஒழுங்காக ஓடும்.

அது வேண்டாம் என்று உடனே தோன்றியது. ஆனால் தன் கடிதத்தை மட்டுமாவது எடுத்துவிட வேண்டும். தலைமையாசிரியரைப் பாடகராக வைத்து ஒத்திகையும் முடிந்தபின் நான் பாடலாமா என்று அது போய் நின்றால், அவரை இறங்கச் சொல்வதுபோல ஆகும். பாக் யுவோனோவின் கடிதத்தில் வேறு ஏதாவது இருக்கும். ஏசி ரிப்பேர் பற்றி இருக்கும்.

தன் கடிதத்தின் எண்ணைத் தட்டினாள்.

"அது யாரோடது?"

"என்னோடது."

"அழிக்கப் போறியா?"

அவள் விரல் அழிக்கும் கட்டளையைத் தேடிப் போனது.

"அழி. ஆனா எல்லாருக்கும் அந்த வசதியைக் குடு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, 'உங்க கடிதம் போகட்டுமா வேண்டாமா'ன்னு கேளு. உன்னோடது மட்டும் தப்பிச்சா எப்படி?"

வெனிங் தட்டிய எண்ணை அழித்தாள். கடிதத்தை அல்ல.

முதலில் அந்த வரியை எடுத்தாள். பிறகு எல்லோருக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும் என்று தொடங்கி, தன் அறியாமையை மூன்று விதமாகச் சொல்லி, ஒரு பக்கத்தைத் தாண்டியது.

"நகரு" என்றார் பாக் தோகார். அவர் சுருக்கியபின் அது இப்படி இருந்தது: உங்கள் கடிதங்களை மறித்து வைத்தது நான். தவறு என்னுடையது. இப்போது திறந்துவிடுகிறேன். தேதியைப் பார்த்துப் படியுங்கள். வெனிங்.

"கொஞ்சம் முரட்டுத்தனமா இல்ல?"

"தெளிவா இருக்கு."

அனுப்பினாள். அது போனதை உறுதி செய்துகொண்டாள். பிறகு மொத்த வரிசையையும் விடுவித்தாள். திரையில் பெயர்கள் கரைந்தன. சிறிது நேரத்தில் வரிசை காலி.

இருவரும் வெளியே வந்து முற்றத்தில் நின்றார்கள். எதிரே ஆசிரியர் அறை. சத்தம் இல்லை. ஒரு நாற்காலி நகர்ந்தது. மறுபடி சத்தம் இல்லை.

பிறகு இபு சுலஸ்திரியின் குரல், அவரிடமிருந்து யாரும் கேட்டிராத உயரத்தில்: "பாக் ஜரோட்! என் பொண்ணு நிச்சயத்துக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கேன் பாருங்க! முதல் ஆளா உங்களைத்தான் கூப்பிட்டிருக்கேன்!"

"நீங்க என்னைக் கூப்பிடலைன்னு நான் வீட்ல சொல்லிச் சொல்லிப் புலம்பினேன், இபு!"

"யாருமே பதில் போடலையா, எங்க சம்பந்தம் யாருக்கும் பிடிக்கலையோன்னு நான்..."

"எப்போ நிச்சயம்?"

"ஞாயித்துக்கிழமைதான்! இன்னும் நடக்கல!"

அறை வெடித்தது. யாரோ மேசையைத் தட்டினார்கள். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். நிச்சயத்துக்கு என்ன சமைப்பது என்று பாக் ஜரோட் கத்திக்கொண்டிருந்தார். வகுப்பு ஜன்னல்களில் மாணவர்களின் தலைகள் முளைத்தன.

தலைமையாசிரியர் அறைக் கதவு திறந்தது. பாக் ஹார்ஜோ வெளியே வந்தார். எதிர்ப்பக்கமிருந்து பாக் யுவோனோ வந்தார். இருவரும் முற்றத்தின் நடுவில் சந்தித்து, ஒருவரை ஒருவர் பார்த்து லேசாகக் குனிந்தார்கள்.

"உங்க கடிதங்க இப்போதான் கிடைச்சுது, பாக்" என்றார் யுவோனோ.

"சும்மா எழுதினேன். பெரிசா எடுத்துக்காதீங்க. என் குரலுக்கு வயசாயிடுச்சுன்னு எனக்கே ஒரு எண்ணம்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"மேடைக்கு ஆகாதோன்னு..."

"ஐயோ, நல்லா இருக்கே, பாக். நல்லா இருக்கு."

"சொல்ல விடுங்கய்யா அந்த மனுஷனை!" என்றார் பாக் தோகார். "பாட முடியலைன்னு எத்தனை தடவை எழுதியிருக்காரு! நேத்து நானும் கேட்டேனே. சைக்கிள் ரிக்‌ஷா பிரேக் போட்ட மாதிரி இருந்துச்சு!"

வெனிங் தரையைப் பார்த்தாள்.

பாக் ஹார்ஜோவின் தோள்கள் முதலில் குலுங்கின. பிறகு சிரிப்பு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் பொண்டாட்டியும் இதையேதான் சொன்னா" என்றார். "ரிக்‌ஷான்னு சொல்லல. ஆடுன்னு சொன்னா. என்னை விட்டுடுங்க, பாக் யுவோனோ. உங்களைப் புண்படுத்தக் கூடாதுன்னுதான் ஒத்துக்கிட்டேன்."

"உங்களைக் கேட்காம விட்டா மரியாதையில்லைன்னுதான் நான் கேட்டேன்" என்றார் யுவோனோ. அவர் பெருமூச்சு ஆசிரியர் அறைவரை கேட்டிருக்கும். பிறகு வெனிங்கின் பக்கம் திரும்பினார். "உங்க கடிதமும் வந்துச்சு. என்னோடதைப் பார்த்தீங்களா?"

அவள் சர்வர் அறைக்கு ஓடினாள்.

மாடிப்படி ஏறும்போதெல்லாம் உங்கள் பாட்டைக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். ஏசிக் குழாய் வைத்த ஓட்டை வழியாக வருகிறது. எங்களோடு பாட வருவீர்களா? விருப்பமில்லையென்றால் பதில் எழுதும் சிரமம் வேண்டாம், நானே புரிந்துகொள்வேன்.

வெனிங் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். பதில் எழுதக் கை போனது. எழுதாமல் எழுந்து வெளியே வந்தாள்.

"பாடறேன்" என்றாள், முற்றத்தின் இந்தப் பக்கமிருந்தே. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பள்ளி விட்டதும் இசை அறையில் கூடினார்கள். பாக் ஜரோட் இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொண்டுவந்தார். பாக் ஹார்ஜோ முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவு நிம்மதியாக அவரை யாரும் பார்த்ததில்லை. பாக் தோகார் செல்லோவைக் கேட்டு வாங்கிக்கொண்டார், தனக்குக் கிட்டார் தெரியும், இது கிட்டாரின் பெரியப்பாதானே என்று.

யுவோனோ வயலின் வில்லை எடுத்தார். புல்லாங்குழல் முன்னே போனது. வெனிங் பாட்டை எடுத்தாள். இரண்டாவது வரியில் குரல் முட்டியது. மரியாதைக்காகக் கேளாததுபோல எல்லோரும் வாசித்துக்கொண்டே போனார்கள்.

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"ரொம்ப மேலே இருக்கு" என்றாள். "எனக்கு வராது. ஒரு கட்டை இறக்குங்க."

யுவோனோ ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு குழுவைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு கட்டை இறக்கினார்கள்.