தலைவர் ஏலத்தில் எடுத்த ஆட்டோ

நமுனுகுல தோட்டத்துப் பெருமக்களுக்கு இதனால் அறியத்தருவது: கீழ்ப்பிரிவுத் தொழிற்சங்கத் தலைவர் திருவாளர் தேவதாசன் அவர்கள், இணையவழி ஏலத்தில் முச்சக்கர வண்டியொன்றை வென்றுள்ளார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் அதை மந்திரிப்பார். அனைவரும் வருக.

பத்து லட்சம் பெறுமதியான வண்டி ஐந்துக்கு எப்படி வந்தது என்று மனைவி றோசாலி கேட்டாள்.

"ஆளப் பாத்துத்தான் வெல சொல்லுவாங்க."

ஏலக்காரர்கள் வாட்ஸப்பில் அவரை 'மதிப்புக்குரிய தலைவர் அவர்களே' என்றுதான் விளித்தார்கள். தோட்டத்துத் துரை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. மதியத்துக்குள் ஒன்றரை லட்சம் முற்பணம் கட்ட வேண்டும்; வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முற்பணம் என்பது றோசாலி முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்துச் சேர்த்த ஈ.பி.எஃப். காசு. மறுத்துப் பேசி முந்தின நாளே ஓய்ந்துபோனவள், பாஸ்புக்கோடு பதுளைக்கு பஸ் ஏறினாள்.

வங்கிக்குப் போகுமுன், கூடவே வந்த தலைவருக்கு வேறு அவசர வேலை இருந்தது. மொஹிதீனின் சீட் கவர் கடையில், வண்டியின் பின்கண்ணாடிக்கு 'தலைவர்' என்று எழுத ஓடர் கொடுக்க வேண்டும்.

"செவப்புல, பெருசா போடுங்க நானா."

அளவு பார்க்க மொஹிதீன், ஏலக்காரர்கள் அனுப்பிய வண்டியின் போட்டோவைக் கேட்டார். பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தலைவரே, இந்த சீட் நான் தச்சது. துணி பத்தாம மூலையில வேற கலர் வச்சேன், பாருங்க. இது ஷெல்டன்ட ஆட்டோ. ஆஸ்பத்திரி ஸ்டாண்டுல ஓடுது."

"வித்திருப்பாரு."

மொஹிதீன் ஷெல்டனுக்குப் போன் போட்டார். கடை முழுக்கக் கேட்டது: "விக்கிறதா? எந்த மடையன் சொன்னான்? போன மாசந்தான் லீசிங் கட்டி முடிச்சேன்!"

"கண்ணால பாக்காத வண்டிக்குக் காசு கட்டாதீங்க தங்கச்சி," என்று றோசாலியிடம் சொன்னார் மொஹிதீன்.

தலைவர் ஏலக்காரர்களை அழைத்து விளக்கம் கோரினார். மதிப்பு மரியாதையெல்லாம் போய் ஒருமையில் ஒரே ஒரு சொல் வந்தது. பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

றோசாலி பாஸ்புக்கைப் பைக்குள் தள்ளினாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"ஞாயித்துக்கெழம என்னா செய்யிறது? கோயில்ல சொல்லியாச்சே."

"வாங்கலன்னு சொல்லுங்க."

"தலைவரு எப்புடி அப்புடிச் சொல்றது?"

ஞாயிறன்று பாதர் ஷெல்டனின் ஆட்டோவுக்குத் தீர்த்தம் தெளித்தார். தலைவர் மாலையோடு பின்சீட்டிலிருந்து கையசைத்தார். ஷெல்டன் சாரதி என்று அறிமுகப்படுத்தப்பட்டான்.

காத்திருந்த நேரத்தையும் சேர்த்து வாடகை ஐயாயிரம், றோசாலி கொடுத்தாள்.