குறி தப்பிய குண்டுகள்

டோல்கேட்டுக்குப் பின்னால் உள்ள குறுக்குத் தெருவில், சாவியோ வீட்டு மொட்டைமாடிக்கு மேலே ஈயக் குண்டுகள் பல வருடங்களாக அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன. ஏர்கன்னில் போட்டுச் சுடுகிற, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் கொசுக் கூட்டம் என்று தோன்றும். கிட்டே போனால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அசையாமல் நிற்பது தெரியும். காக்கைகள் அவற்றின் மேல் ஒற்றைக் காலை ஊன்றி இளைப்பாறின. மின்வாரியத்துக்காரர் கணக்கெடுக்க வந்தால் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார், பிறகு எத்தனை யூனிட் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

சாவியோ துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டு முன்னறையில் ஒரு பழைய லேத்தைப் போட்டுக்கொண்டு ஏர்கன் செய்வதும் பழுதுபார்ப்பதும் அவருடைய சாயங்கால வேலை. ஸ்பிரிங் மாற்றுவார், கட்டை இழைப்பார், தேய்ந்த தோல் வாஷருக்குப் பதில் புதிதாக வெட்டித் தேங்காய் எண்ணெயில் ஊறப்போடுவார். தலைக்கு எண்ணெய் எடுக்கப் போனால் கிண்ணத்தில் வாஷர் கிடக்கிறது என்பதுதான் அவர் மனைவி ரோசிக்குக் கல்யாணமான நாள் முதல் இருந்த பெரிய புகார். முக்கிய வாடிக்கையாளர் உச்சிமாகாளி அண்ணாச்சி, திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். மாதா கோயில் திருவிழா, திருவொற்றியூர்த் தேர், கடற்கரை என்று ஜனம் கூடுகிற இடமெல்லாம் பலகையில் பலூன் கட்டிவைத்து, ஆசைப்பட்டவர்கள் கையில் துப்பாக்கி கொடுப்பவர். பலூன் கடைத் துப்பாக்கிக்கு ஒரு வழக்கம் உண்டு. குழல் நுனியில் இருக்கும் குறிமுள்ளை மயிரிழை அளவு வலப்பக்கம் தள்ளி வைப்பார்கள். சுடுகிறவன் நேராகத்தான் பார்ப்பான், குண்டு பலூனுக்கு இடப்பக்கமாகப் போகும். எல்லாக் கடையிலும் நடப்பதுதான். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளுவதில் சாவியோவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தப்பிய குண்டுகள் பலகையில் பட்டு உதிர்ந்திருக்க வேண்டும். அவை உதிரவில்லை. தங்களைக் கோணலாக அனுப்பியவரின் வீட்டைத் தேடி வந்து மேலே நின்றுகொண்டன. ராயபுரத்துத் திருவிழா முடிந்த மறுநாள் துணி காயப்போடப் போன ரோசிதான் முதல் குண்டைப் பார்த்தாள். வண்டு என்று நினைத்து ஈரத் துண்டால் விரட்டினாள், துண்டு கிழிந்தது. அடுத்த திருவிழாவுக்குள் மாடிக்கு மேலே கோலப்புள்ளி வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு குண்டில் கயிறு கட்டித் தெருவிலிருந்த தடியன்கள் எல்லோரும் தொங்கிப் பார்த்தார்கள், கயிறுதான் அறுந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, சும்மா நிற்கிற குண்டுக்கு என்ன கேஸ் போடுவது என்று யோசித்து, டீ குடித்துவிட்டுப் போனார். தெரு பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்வது?

ஆனால் அவை வருடத்துக்கு அரைச் சாண் இறங்கிக்கொண்டிருந்தன. சாவியோவின் ஒரே மகள் ஜூடி மாத்தூரில் வாழ்க்கைப்பட்டு முழுகாமல் இருக்கிறாள் என்ற நல்ல செய்தி வந்தபோது, குண்டுகள் ஆள் உயரத்துக்கு வந்து, மாடிக்குக் குனிந்துதான் போக முடியும் என்றிருந்தது. இப்படியே இறங்கினால் என்றைக்காவது தளத்தைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். மாப்பிள்ளை வில்சனின் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"தலைக்கி மேல ஈயம் நிக்கிற வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன். கொயந்த பொறந்தாலும் இங்கதான்."

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வரவில்லை என்றால் தெருவில் என்ன பேசுவார்கள் என்பது கிடக்கட்டும், மகளுக்குப் பத்தியம் வடித்துப் போடக் கொடுத்துவைக்கவில்லையே என்று ரோசி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். சாவியோவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பழைய இரும்புக் கிடங்கிலிருந்து தெருக்காரர்கள் காந்தம் கொண்டுவந்தார்கள். ஈயத்தைக் காந்தம் இழுக்காது என்று தெரிந்தும், வந்தவர்கள் மனம் நோகக் கூடாதென்று தானும் ஒரு கை பிடித்தார். பிறகு தன் ஆயுளிலேயே சிறந்த ஏர்கன்னைச் செய்தார். நூல் பிடித்த மாதிரிக் குழல், கோணாத குறிமுள். அதை வைத்து ஒரு குண்டைத் தட்டிவிடப் பார்த்தார். அடி சரியாகப் பட்டது, டிங் என்று சத்தம் வந்தது. சுட்ட குண்டும் பக்கத்திலேயே துணைக்கு நின்றுகொண்டது.

அன்றைக்கே உச்சிமாகாளி கடைக்குப் போய் எல்லாத் துப்பாக்கிகளின் முள்ளையும் நேராக்கினார். அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"குறிய நேரா வச்சியன்னா எம் பொழப்பு என்னத்துக்கு ஆகும்? கடைய மூடிட்டு ஊருக்குத்தான் போவணும்."

"போ அண்ணாச்சி. எம் பொண்ணு வூட்டுக்கு வரணும்," என்றார் சாவியோ.

புதிய குண்டுகள் வருவது நின்றது, பழையவை போகவில்லை. வளைகாப்பை மட்டும் தெருவில் பந்தல் போட்டு நடத்தலாம், முடிந்த கையோடு மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சம்பந்தியம்மா இறங்கிவந்தார். தன்னாலும்தானே இந்தப் பாடு என்று அண்ணாச்சிக்கு உறுத்தியிருக்க வேண்டும். கடைச் சரக்கு மொத்தத்தையும் ஊதிக் கொண்டுவந்து, அழகாக இருக்கட்டுமென்று மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுகக் கட்டினார்.

ஜூடியின் கையில் வளையல் ஏறிக்கொண்டிருந்தபோது மேலே முதல் பலூன் வெடித்தது. சாவியோ பதறிப்போய்ப் படியேறினார். அவர் கண்ணெதிரே ஒரு குண்டு மெல்லத் திரும்பி, நேராகப் போய் நீலப் பலூனை உடைத்தது, பிறகு புளியங்கொட்டை மாதிரித் தரையில் விழுந்து உருண்டது. அடுத்தது, அதற்கடுத்தது. என்றைக்கோ தப்பிய பலூன் அவற்றுக்கு இன்றைக்குத்தான் கிடைத்தது, கிடைத்ததும் வேலை முடிந்தது. சாவியோ தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, கூச்சப்படாமல் அழுதார். கீழே பட்டாசு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அப்புறம் தெருவே பலூன் ஊதியது. ஊதி ஊதிக் கன்னம் வீங்கியவர்களுக்காக, சாவியோ லேத்துத் தூசியை ஊத வைத்திருந்த பம்ப்பை எடுத்துக்கொடுத்தார். குண்டுகளைப் பெருக்கி அள்ளிச் சாக்கில் கட்டினார்கள். ஜூடி தாய்வீட்டிலேயே தங்கினாள். ரோசி வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒரே ஒரு குண்டு மட்டும், மாடிக் கொட்டகையின் நிழலில், எந்த பலூனுக்கும் மசியாமல் நின்றது. அது யாருடையது என்று சாவியோவுக்குத் தெரியும். சின்ன வயதில் ஜூடி அண்ணாச்சி கடையில் சிவப்பு பலூனைக் குறிவைத்துத் தவறவிட்டபோது, அவர் பக்கத்தில்தான் நின்றார். தான் தள்ளிய முள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அந்த ஒன்று அத்தனை குண்டுகளையும்விட அவர் நெஞ்சில் கனத்தது. கைக்குழந்தையோடு மாடிக்கு வந்த மகளிடம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"அன்னிக்கி அந்தத் துப்பாக்கில முள்ளு..."

"கோணலுன்னு தெரியும் நைனா. அதான் ரெண்டாவது வாட்டி வலது பக்கமா தள்ளி வெச்சு சுட்டேன். டமால்னு வெடிச்சுதே, நீ பாக்கல?"

அவர் பார்க்கவில்லை. அப்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இத்தனை வருடச் சுமை ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. மகளுக்கு அந்த பலூன் மேல் குறையில்லை, அதனால்தான் குண்டுக்கும் அவசரமில்லை என்று புரிந்தது.

மறுநாள் அந்தக் குண்டில் கயிறு போட்டு, முதலில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு தானே தொங்கினார். குண்டு இம்மி அசையவில்லை. ரோசியின் பழைய நூல்புடவையில் தூளி கட்டி, கடல்காற்று வரும் நேரத்தில் பேத்தியை அதில் போட்டார்கள்.

மாத்தூரிலிருந்து சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார். குழந்தையைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார், கயிறு போய்ச் சேர்கிற இடத்தை வெகுநேரம் பார்த்தார். ரோசி தூளியை ஒட்டிப் போய் நின்றுகொண்டாள்.

"இன்னா முடிச்சு இது, கலீஜா கீது," என்று அலுத்துக்கொண்டே குழந்தையைத் தூக்கி ரோசி கையில் கொடுத்தார். கயிற்றை அவிழ்த்து, எட்டி அந்தக் குண்டைச் சுற்றி இரண்டு தரம் வளைத்து, தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார்.