மணிக்கு ஆறு கிலோமீட்டர்

ரெஜிஸ் பிலோவைக் கூட்டிப்போக வந்த சாவு ஒரு சரக்குப் படகாக வந்தது. கால்வாயில் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் போக அதற்கும் அனுமதி இல்லை. கோதுமை விலை படுத்துக் கிடந்த வருடம், ஏப்ரல் மாதம். நெவேர் நகரத்து டாக்டர் ரெஜிஸின் கணையத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த மறுநாள் காலை, துணி காயப்போட வந்த அவர் மனைவி ஜோசெத், கால்வாயில் வீட்டுக்குச் சற்று மேற்பக்கம் இருந்த வளைவில் அது நிற்பதைப் பார்த்தாள். கறுப்பு உடல். ஓட்ட ஆளில்லை. ஜன்னல்களில் இஸ்திரி போட்ட திரைகள். முகப்பில் வெள்ளை எழுத்தில் அவள் புருஷனின் முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயர்கள் ஒன்றுவிடாமல்.

ஜோசெத் காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்த்தே அதன் உத்தேசத்தைச் சொல்லிவிடுவாள். ஈரத்துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டு, கொட்டகையிலிருந்து இரண்டு சைக்கிளையும் வெளியே தள்ளினாள்.

"கிளம்பு. ரிட்டயர் ஆனதும் கால்வாய் ஓரமா சைக்கிள்ல சுத்தலாம்னு சொல்லிச் சொல்லியே ஏமாத்தினேல்ல. இன்னைக்குப் போறோம்."

"அடுப்புல சூப்பு இருக்கே."

"இருக்கட்டும். சூப்புக்குக் கால் இல்ல."

அப்படித்தான் அவர்கள் லுவார் நதியை ஒட்டி ஓடும் கால்வாயின் கரையில் கிளம்பினார்கள். அவசரம் தேவைப்படவில்லை. படகு ஒவ்வொரு மதகிலும் நின்றாக வேண்டும்: கதவு திறந்து, உள்ளே போய், தண்ணீர் வடிந்து, கீழ்மட்டத்துக்கு இறங்கி, மறு கதவு வழியாக வெளியேற வேண்டும். மதகுக்காரர்கள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சாப்பிடுவார்கள். ஜனாதிபதியே படகில் வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் கதவு அசையாது. மே முதல் தேதி முழு விடுமுறை. ஆகவே தம்பதி வெள்ளை மாடுகளை வேடிக்கை பார்த்தார்கள், சான்செர் ஊர் ஒயினைக் குடித்தார்கள், மதியம் புல்லில் தூங்கினார்கள். படகு இரண்டு மதகு பின்னால் இருக்கும்வரை ரெஜிஸுக்கு ஒன்றுமில்லை, ஆப்பிள் கன்னத்தோடு இருந்தார். அது ஒரு மதகு தூரத்துக்கு நெருங்கினால் முகம் மெழுகாகிவிடும். ஜோசெத் உடனே கூடையைத் திறப்பாள். வாத்துக்கறி, ஆட்டுப்பால் சீஸ், பிளம் பழச் சாராயம், எல்லாம் அந்த மதகுக்காரருக்கு. சாப்பாடு நீளும். ஃபிர்மேன் என்ற மதகுக்காரர் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தவர், சீஸ் வரும்போது வியாழன் ஆகிவிட்டது.

"இன்னொரு துண்டு, மதாம்?" என்று அவரே தட்டை நீட்டினாராம். "வெளில எதோ படகு நிக்குதே?"

"நிக்கட்டும். நீங்க நிதானமா மெல்லுங்க, பல்லு கெட்டுடும்."

இரவில் விடுதி அறைகளில் ஜோசெத்துக்குத் தூக்கமில்லை. கூடையில் என்ன மிச்சம், அடுத்த மதகுக்காரருக்கு இனிப்பு ஆகுமா ஆகாதா என்பதே யோசனை. ஆனால் அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. கறுப்புப் படகைத் தாண்டிப் போக வழியில்லாமல், அதன் பின்னால் மற்ற படகுகள் சேர்ந்துகொண்டே வந்தன. ஜூலையில் அந்த வரிசை டிகுவான் நகரம்வரை நீண்டது. சரக்கறைகளில் கோதுமை முளைவிட்டு, கதிர் வாங்கி, ஒரு படகில் அறுவடையே நடந்தது. ஹாரன் சத்தத்தில் மாடுகள் மோராகவே கறந்தன. ரெஜிஸ் சாப்பாட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார். அவர் வேலை பார்த்ததும் அதே கால்வாயில்தான், மதகுக்காரராக.

ஆகஸ்டில் ஒரு மதகில், கழுத்தில் துணி கட்டிக்கொண்டு அந்த ஊர் மதகுக்காரர் வாத்துக்காலைக் கடித்துக்கொண்டிருக்க, மேலே ஹாரன் அடித்தது. ரெஜிஸ் எழுந்தார்.

"உக்காரு," என்றாள் ஜோசெத்.

"மணி மூணாச்சு ஜோசெத். ஒரு மணிக்கு மேல நான் யாரையும் நிக்க வெச்சதில்ல."

"அதுல உன் பேரு எழுதியிருக்கு, கண்ணு தெரியலையா?"

"பேரு பாத்தா கதவு திறப்பாங்க? பின்னாடி புள்ளகுட்டியோட எத்தன பேரு நிக்கிறாங்க பாரு."

"நிக்கட்டும். எனக்கு யாரு நிப்பா?"

 ரெஜிஸ் போய் மதகின் திருகைச் சுற்றித் தண்ணீரை நிரப்பினார். கதவை நகர்த்தும் நீண்ட மரக்கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார். கட்டை அசையவில்லை. மறுபடி தள்ளினார், முழங்கால் மடங்கியது. பின்வரிசைப் படகுக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார்கள், ஒருவர்கூட உதவிக்கு இறங்கவில்லை. ஜோசெத் அவரைத் திட்டினாள், அவர் அம்மாவைத் திட்டினாள், கால்வாய் வெட்டிய ராஜாவைத் திட்டினாள். பிறகு பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் முதுகுக்குப் பக்கத்தில் தன் முதுகை வைத்துத் தள்ளினாள். கதவு திறந்தது.

படகு உள்ளே வந்து, கரையோடு சமமாக நின்றது. ரெஜிஸ் வாசற்படி தாண்டுகிற மாதிரி ஏறினார். தண்ணீர் வடிய வடிய அவர் இறங்கிக்கொண்டே போனார்: இடுப்பு, தோள், தொப்பி, பிறகு கற்சுவர் மட்டும். அந்த நேரத்தில் ஜோசெத்துக்குத் தலை நரைத்ததாகச் சொல்வார்கள். அது பொய், ஏற்கெனவே நரைத்திருந்தது.

கீழ்க் கதவு திறந்தது. படகு வெளியே போயிற்று. மணிக்கு ஆறு கிலோமீட்டர். கரையில் நின்றவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது: அவர்கள் இத்தனை மாதம் சைக்கிள் ஓட்டிவந்த வேகமும் அதுதான். சைக்கிளில் ஏறினாள், ஒரு திருப்பத்தில் பக்கத்துக்கு வந்துவிட்டாள். மேல்தளத்தில் ரெஜிஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கன்னம் பழையபடி ஆப்பிளாக.

பிரான்ஸில் கால்வாய்களுக்கு முடிவு கிடையாது. ஒன்று இன்னொன்றில் விழும், அது பெல்ஜியம்வரை போகும், திரும்பி வரும். பதினோரு வருடமாக அவர்களும் போகிறார்கள், வருகிறார்கள். கரையிலிருந்து படகுக்குக் கை எட்டாது. அவர் இறங்க முடியாது, படகு அவளை ஏறவிடுவதும் இல்லை. அது அவளுக்கு ஆறாத குறை. பிரியார் ஊரில் மட்டும், கால்வாய் ஒரு பாலத்தின்மேல் ஏறி நதியைக் கடக்கிறது. அங்கே தண்ணீர் ஒடுங்கி, பாதை படகை உரசிக்கொண்டு போகும். அவள் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டுவாள்.

"பின் டயர்ல காத்து இல்ல," என்பார் அவர்.

"வாய மூடிட்டு கையக் குடு."

பாலத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள், அந்தக் கைகள் கடந்து போகத் தூண்டிலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறார்கள். போனதும் மறுபடி தண்ணீரில் போடுகிறார்கள்.